மூன்று நாளில் காலி செய்த வீடு

டேனியல்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் ஒன்று கேட்டாய். "அம்மா, கல்யாண கார்டுல சித்தி பேரப் போடலாமா? உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்னதாம்மா சண்டை?" நான் அதற்குப் பதில் சொல்லாமல், மெல்பர்னில் மழையா வெயிலா என்று விசாரித்தேன். நீ கேட்ட நேரத்தில் உன் சித்தி ஸ்டெல்லா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாசேக் கெலுகோரில் அவளுடைய இந்த வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். தும்மினால்கூட எல்லா அறைக்கும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். இப்போது அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட இரண்டு மணி நேரமாவது ஆகும். இன்று முடியாவிட்டால் நாளை ரத்தம் எடுக்க மறுபடி வரவேண்டும், அப்போது முடிப்பேன். ரயிலில் நின்றுகொண்டு இதைப் படிக்காதே. லீவு நாளில் உட்கார்ந்து படி.

வீட்டைக் காலி செய்த கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். பக்கத்து மனையில் ஹோட்டல் கட்டத் தூண் இறக்கினார்கள் அல்லவா, அந்த அதிர்ச்சியில் நம் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. முதலில் தலைமுடி அளவுதான் இருந்தது. தைப்பூசத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலையில் அதற்குள் என் கை நுழைந்தது. தொப்பி போட்ட அதிகாரிகள் இரண்டு பேர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வாசல் கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஆளும் சாமானும் வெளியே போயாக வேண்டும். வீட்டுக்காரச் சீனக் கிழவர் தெருவில் நின்று என்னைவிட அதிகமாக அழுதார். அவர் பிறந்ததும் அந்த வீட்டில்தான். நாம் முப்பத்தோரு வருஷம் வாடகைக்கு இருந்தோம், அவர் எழுபத்தெட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்றே தெரியவில்லை. கடைசியில் நான்தான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சாமான் கட்டுவதில் நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தவள். எந்தப் பெட்டியில் எத்தனை திருகாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் கம்பெனிச் சாமானைக் கட்டுவது வேறு, சொந்த வீட்டைக் கட்டுவது வேறு. செவ்வாய் மதியம் முழுக்க நான் கட்டியது என்ன தெரியுமா? உன் அப்பா ஓய்வு பெற்றபோது கொடுத்த கண்ணாடித் தம்ளர்கள், ஒரு நாளும் எடுக்காத விருந்துத் தட்டுகள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். ஒவ்வொரு பொம்மையையும் செய்தித்தாளில் சுற்றினேன், ஆட்டுக்குட்டி உட்பட. சாயங்காலம் மாத்திரை போடத் தேடினால் மருந்துப் பை எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்று தெரியவில்லை. கட்டிய நான்கு பெட்டியையும் பிரித்தேன். நீயும் நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டேதான் இருக்கப் போகிறீர்கள். அதனால் ஒன்று கேட்டுக்கொள். மருந்து, பத்திரங்கள், ஒரு செட் துணி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், இவற்றை முதலில் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள். மற்றது எது எங்கே போனாலும் அன்றைய பொழுது ஓடிவிடும்.

நீ அன்று ஃபோனில், "எல்லாத்தையும் தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்றாய். ஒரு வாரம் கழித்து உன் ஸ்டாம்பு ஆல்பம் எங்கே என்று கேட்டாய். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்லிவிடுகிறேன், அது போய்விட்டது. உன் பள்ளிக்கூட நோட்டுகளும் அந்தக் கால்பந்து ஷூவும் போய்விட்டன. நீ சொன்னதைத்தான் செய்தேன், ஆனாலும் மன்னித்துக்கொள்.

லோரிக்கு அலைந்ததுதான் பெரிய பாடு. சீனப் பெருநாளுக்கு முன்னால் ஊரே வீட்டுச் சாமான் மாற்றும் நேரம் அது. தெரிந்த இடமெல்லாம் கேட்டேன், அடுத்த வாரம்தான் என்றார்கள். போக இடமும் இல்லை. ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட் காலியாவதாகச் சொன்னார்கள், அதுவும் மாதக் கடைசியில்தான். எதிர்வீட்டு லில்லி அக்கா, "நீ எங்கூட வந்து இருந்துக்கோ, சாமான என்னா செய்வே?" என்றார். அவர் வீட்டில் அவருக்கே இடமில்லை. இதையெல்லாம் நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் நீ என் குரலை வைத்தே கண்டுபிடித்து, சித்தி மகள் கவிதாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். பிறகு நான் ஏன் அனுப்பினாய் என்று கேட்டதற்கு, "வேற யாரும்மா இருக்கா நமக்கு?" என்றாய். அந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருஷமாக நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

புதன்கிழமை பத்து மணி இருக்கும். தெருமுனையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று வந்து நின்றது. உன் சித்தப்பா முருகையா ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தைப்பூச விரதம், மஞ்சள் வேட்டி, செருப்பில்லாத கால். பக்கத்தில் ஸ்டெல்லா. உன் அப்பா இறந்தபோது அவள் நம் கோயிலில் கடைசி பெஞ்சு வரிசையில் நின்றுவிட்டு, மண் போட்டதும் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்ப்பது அன்றுதான். இறங்கினாள். நோட்டீசைப் படித்தாள். விரிசலைப் போய்ப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "நீயா எனக்கு ஒரு ஃபோன் போட மாட்டே, இல்ல?" என்றாள்.

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான்..."

"தொந்தரவாம் லா! சுவரு விழுந்து செத்திருந்தா, அப்பவாச்சும் சொல்லி விட்டிருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, சாமானையும் என்னையும் தன் வீட்டுக்கே கொண்டுபோவதாக அவளே முடிவு செய்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் இருவரும் செய்தது நான் ஒரு வாரத்தில் செய்ய முடியாதது. உன் சித்தப்பா விரதத்தில் ஒரு வேளைதான் சாப்பிடுவார். அந்த வயிற்றோடு குளிர்சாதனப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். சுவரில் இருந்த திருஇருதயப் படத்தை எடுக்க நான் நாற்காலியில் ஏறப்போனேன். "அக்கா, நீங்க ஏறாதீங்க" என்று அவர் ஏறி எடுத்தார். துடைத்தார். சுற்றுவதற்குத் துணி தேடினார். கூடத்தில் இருந்ததெல்லாம் கட்டியாயிற்று. தோளில் போட்டிருந்த மஞ்சள் துண்டை எடுத்துப் படத்தைச் சுற்றி, லோரியின் பின்னால் வைக்காமல் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். இந்த மனிதருடைய கல்யாணத்துக்குத்தான் நான் போகவில்லை, டேனியல். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி நாளைக்கு.

இது மறுநாள். ரத்தம் எடுத்தாயிற்று. வெறும் வயிற்றோடு வந்ததால் கேண்டீனில் உட்கார்ந்து ஒரு மைலோ குடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அப்பாவைக் கட்டுவதற்கு முன்னால், ஃபேக்டரியில் ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. அவர் இந்து. பேர் வேண்டாம், இப்போது பேரப்பிள்ளைகளோடு எங்கேயோ நன்றாக இருக்கிறார். என் அப்பாவிடம், உன் தாத்தாவிடம், அம்மா இறந்த அடுத்த வருஷம் தைரியமாகச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நம்ம கோயில்ல நடக்காத கல்யாணத்துல நான் வந்து நிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். நான் மறுநாளே அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரே நாள். பிறகு அப்பா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டினேன், உன் அப்பாவை. நான் அவரோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன், நீ பார்த்திருக்கிறாய். அவர் போனபோது எனக்குப் பாதி உயிர் போயிற்று. அதுவும் உண்மை. ஆனால் அந்த ஒரு நாளை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

வருஷங்கள் கழித்து ஸ்டெல்லா முருகையாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு முப்பத்தொன்று. கல்யாணம் தண்ணீர்மலை முருகன் கோயிலில். அவள் அனுமதி கேட்கவில்லை, தேதியைச் சொன்னாள். அப்பா அப்போது நம் வீட்டு முன்னறையில் படுக்கையில் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்து, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். உனக்கு ஆறு வயது, அவர் கட்டிலுக்கு அடியில் பொம்மைக் காடி ஓட்டி விளையாடுவாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவளைத் திட்டிக் கத்துவார் என்று ஆசையோடுதான் போனேன், அது நியாயமா என்று உன்னையே கேட்கிறேன்.

அவர் சொன்னது இதுதான். "நாளைக்கு நீ போயிட்டு வா. அம்மாவோட நீலப் பட்ட அவகிட்ட குடு. அவ்ளோ படி என்னால ஏற முடியாதுன்னு சொல்லு, ஏற முடிஞ்சா வந்திருப்பேன்னு சொல்லு. அப்பாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லு."

நான் சரி என்றேன். போகவில்லை.

காரணம் என்று எதையாவது சொல்லலாம், உனக்குக் காய்ச்சல் என்றோ ஷிஃப்ட் என்றோ. ஒன்றும் இல்லை. எனக்காக வந்து நிற்க மாட்டேன் என்ற கால், அவளுக்கு மலைப் படி ஏறவும் தயாராக இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டவள் நான், கேட்காதவள் அவள், பட்டு மட்டும் அவளுக்கா என்று நினைத்தேன். கல்யாணத்தன்று பகல் முழுவதும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு துணி மடித்தேன். அப்பா கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். ஐந்து வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று ஸ்டெல்லா வந்தாள். புதுத் தாலியோடு ஒரு ஓரமாக நின்றாள். எல்லோரும் போனபின் என் கையைப் பிடித்து, "அக்கா, அப்பா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன், "ஒண்ணும் சொல்லல."

நீ சண்டை என்று கேட்டாய். சண்டையே இல்லை, டேனியல். அவள் இந்துவைக் கட்டியதால் நான் ஒதுக்கிவிட்டேன் என்று ஊர் நினைத்தது, அவளும் நினைத்தாள். நானும் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு பொய்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. அதனால் பார்ப்பதைக் குறைத்தேன். கவிதா பிறந்தாள், ஞானஸ்நானமா காது குத்தா என்று கேட்கக்கூட நான் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் அலமாரியைக் காலி செய்தோம். நான் புடவைகளை எடுத்துக் கொடுக்க, அவள் பெட்டியில் அடுக்கினாள். கடைசித் தட்டில் கை விட்டபோதே எனக்குத் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம், அவளை அடுப்படிக்கு அனுப்பியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன். அவள் சுற்றியிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தாள், நீலப் பட்டு. "அக்கா, அம்மாவோடதுல்ல இது? இன்னுமா வச்சிருக்கே? கட்டவே இல்லியா?"

"அது உன்னோடது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். நான் நின்றபடியே சொன்னேன். அப்பா படுத்திருந்ததும் நாங்கள் நின்ற அந்த அறையில்தான். அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நான் செய்ததையும் சொன்னேன். அடக்கத்தன்று அவள் கேட்டதற்கு நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் மெல்லப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அது நொறுங்கும் சாமான் என்று நானே எழுதி ஒட்டிய பெட்டி. உள்ளே ஏதோ உடைந்தது, இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

பட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஏறி வந்திருப்பேன்னு சொன்னாரா?" என்றாள்.

"சொன்னாரு."

"தண்ணிமலைக்கா? அப்பாவா?"

"ஆமா."

"நான் வருஷா வருஷம் பூசத்துக்கு அந்தப் படி ஏறுறேன், அக்கா. ஒவ்வொரு படியிலயும் அப்பா, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிக்கிட்டே ஏறுவேன். இருபத்திரண்டு வருஷமா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சும்மா சாமி கும்பிட்டிருப்பேன்ல?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்தாள். மிச்சப் பெட்டிகளை லோரியில் ஏற்றினாள். எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், கயிறு இறுக்கிக் கட்டினாள். என் பக்கம் திரும்பாமல் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். உன் சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். என்னுடைய முப்பத்தோரு வருஷமும் கடல் பாலத்தைத் தாண்டி அவர்கள் ஊருக்குப் போயிற்று. நான் தோளில் ஒரு பையோடு தெருவில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில், லில்லி அக்கா வீட்டிலிருந்து வந்து வெறும் வீட்டைப் பெருக்கினேன். இடிக்கப்போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறாய் என்று நீ கேட்பாய். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்கள் வருவார்களா என்றும் தெரியவில்லை. வராவிட்டால் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பதினொரு மணிக்கு லோரி வந்தது. உன் சித்தப்பா மட்டும் இறங்கினார்.

"ஏறுங்க அக்கா."

"ஸ்டெல்லா?"

"வீட்ல உங்களுக்கு ரூம் கழுவிக்கிட்டு இருக்கா."

"என் மேல கோவமா இருக்காளா?"

அவர் லோரிக் கதவைத் திறந்துவிட்டார். "இருக்கா. கோவமாத்தான் கழுவுறா. காலைலேருந்து மூணு தடவ கழுவிட்டா" என்றார். பிறகு, "எங்கிட்ட எல்லாம் சொன்னா. எனக்கும் மாமா கோவமில்லன்னு தெரிஞ்சது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் பையை வாங்கி மேலே வைத்தார். அதைத் தவிர இன்றுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இங்கே வந்து முதல் மூன்று வாரம் அவள் எனக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், பேசவில்லை. தேவையானதைக் கவிதா மூலம் சொல்லி அனுப்புவாள். நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், பொறுத்துக்கொள்வதற்கு அது எனக்கு வந்த அநியாயம் இல்லையே. பிறகு ஒரு நாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள், "அப்பா அப்ப எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருந்தாரு?" ஜன்னல் பக்கம் என்றேன். மறுநாள், குரல் எப்படி இருந்தது என்றாள். அடுத்த நாள், தன் பேரைச் சொன்னாரா, 'அவ' என்று சொன்னாரா என்று கேட்டாள். 'அவ' என்றுதான் சொன்னார் என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். ஸ்டெல்லா என்று சொன்னார், அழுதார், அவள் ஃபோட்டோவைக் கேட்டார் என்று நான் கூட்டிச் சொல்லியிருந்தால் அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்! நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஒருமுறை அவளுக்கு வரவேண்டிய வார்த்தையை நான் தடுத்தேன். இப்போது இல்லாத வார்த்தையைச் சேர்த்தால் அதுவும் என் இஷ்டப்படி அவள் அப்பாவைத் திருத்துவதுதான். நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நேற்று என் தட்டில் இரண்டாவது மீனை வைத்தபோது, "தின்னு லா, ரத்தம் எடுக்கணும்ல" என்றாள்.

நீ இப்போது ஒரு வீட்டைத் தொடங்கப் போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. யாராவது ஒருவருக்குச் சொல்லச் சொல்லி உன்னிடம் ஒரு வார்த்தையைக் கொடுத்தால், அது உனக்குப் பிடிக்காவிட்டாலும், உன் வயிறு எரிந்தாலும், அன்றைக்கே போய்க் கொடுத்துவிடு. மனசு சரியானபிறகு கொடுக்கலாம் என்று வைக்காதே. கொடுக்காமல் வைத்திருந்தபோது என் மனசு சரியாகவே இல்லை. இன்னொன்று. நீ கட்டப்போகிறவளைப் பற்றி என்னிடம் சொன்ன அன்று, நான் 'எந்தக் கோயில்?' என்றுதான் முதலில் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எங்கே வைத்தாலும் வருவேன். முட்டி வலி இருக்கிறது, படியானாலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வருவேன்.

கார்டில் சித்தி பேரைப் போடு. எங்கள் பக்கத்தில் அழைப்பவர்கள் என்று என் பேருக்கு அடுத்து அவர்கள் இருவர் பேரும் வரட்டும். கேட்டுவிட்டுப் போடுவோம் என்று நினைக்காதே, கேட்டால் வேண்டாம் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உனக்கு ஃபோன் செய்வதாக இருக்கிறாள். கவிதாவிடம் உன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை. எதற்கு என்று எனக்குத் தெரியும். தாத்தா அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்ன சொன்னார் என்று உன்னிடம் சொல்லத்தான். அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் சித்தப்பாவைத் தவிர. தொடங்கும்போது கொஞ்சம் சுற்றி வளைப்பாள், அவசரப்படுத்தாதே. அம்மா எழுதிவிட்டாள் என்று சொல்லாதே. முதல் முறையாகக் கேட்பதுபோலக் கேள்.

அம்மா